அம்மாவுக்கு எந்தத் திரை?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிளையின் தோற்றமே மாறிவிடும். ஆயுள் சான்றிதழ் அளிப்பதற்காக ஓய்வூதியர்கள் கதவு திறக்கும் முன்பே வந்து காத்திருப்பார்கள். ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்னணுச் சான்றிதழ் 2014 நவம்பரில் அறிமுகமானது. 2021 முதல் கைப்பேசியின் கேமராவில் முகத்தைக் காட்டியே அதைப் பதிவு செய்ய முடிகிறது. ஆயினும் நேரில் வந்து, அதிகாரியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதையே விரும்பும் பெரியவர்கள் இன்றும் ஏராளம்.

அந்த இரண்டு வார்த்தைகளுக்கிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. உடன் வரும் மகனோ மகளோ கேட்பார்: “அப்பாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தரலாமென்று இருக்கிறோம் சார். எது வாங்கலாம்?” சில சமயம் பெரியவரே சொல்வார்: “பையன் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறான். பீரோவில் பத்திரமாக இருக்கிறது.” அந்தப் ‘பத்திரமாக’ என்ற சொல்லில் கருவியின் கதை முழுதும் அடங்கிவிடுகிறது.

வங்கி அலுவலர்கள் மின்னணுக் கருவி விற்பவர்கள் அல்லர். எனினும் இதைப் பற்றி எழுத எங்களுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இதே கேள்விக்கு எங்கள் வீட்டில் நாங்கள் தவறான விடையைக் கண்டோம் என்பது ஒன்று. அந்தத் தவற்றில் எங்கள் தொழிலுக்கும் பங்கிருந்தது என்பது மற்றொன்று.

மூடி வைத்த திரை

மாற்றலாகும் பணியில் இருப்பவர்களின் பெற்றோரும் மாற்றலாகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் மறைவுக்குப் பிறகு அம்மா மயிலாடுதுறையை விட்டு எங்களுடன் புனே வந்தார். அப்போது அவருக்கு வயது 74. வாடகை நூலகத்தில் கணக்கு வைத்து, வாரத்துக்கு மூன்று நாவல்கள் படித்துப் பழகியவர். புனேயில் எங்கள் வாசலில் விழுந்தது மராத்தி நாளிதழ். தமிழ் வார இதழ்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் வரும். மளிகைப் பொருள் சுற்றி வந்த பழைய தமிழ்த் தாள் ஒன்றை அவர் நிமிர்த்தி, மடிப்பு நீக்கிப் படித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டோம். அந்த வாரமே கடைக்குச் சென்று பத்து அங்குலத் திரை கொண்ட டேப்லெட் ஒன்றை வாங்கி வந்தோம். கடையில் இருந்தவற்றுள் விலை கூடிய வகை அது. விலை கூடினால் பயனும் கூடும் என்று நினைத்தோம்.

இரண்டு வாரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு அது தொலைக்காட்சிக்குக் கீழே, ஒரு பூ வேலைத் துணிக்கு அடியில் போய்விட்டது. கேட்டபோதெல்லாம் “கண் வலிக்கிறது” என்றார். நாங்களும் நம்பினோம். ஐந்து மாதம் கழித்து ஒரு மாலையில்தான் உண்மை வெளிவந்தது. படித்துக்கொண்டிருக்கும்போது, ‘உங்கள் கருவியில் வைரஸ் உள்ளது’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு விளம்பரம் திரையை நிறைத்திருக்கிறது. அம்மா நடுங்கிப்போய்க் கருவியை மூடி வைத்துவிட்டார்.

“தெரியாமல் எதையாவது தொட்டு உங்க பணம் போயிட்டா என்ன பண்றது? தொடாதே, தொடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றார்.

ஆம், நாங்கள்தான் சொன்னோம். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், தெரியாத எண்ணை நம்பாதீர்கள், ஓடிபியைப் பகிராதீர்கள் என்று வாடிக்கையாளர் கூட்டங்களில் பேசினோம்; கிளைச் சுவரில் ஒட்டினோம்; உணவு மேசையிலும் பேசினோம். அவை அனைத்தும் சரியான அறிவுரைகளே. ஆனால் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துக் காட்டாமல் எச்சரிக்கையை மட்டும் கொடுத்திருந்தோம். அதனால் எதையும் தொடாமலிருப்பதே பாதுகாப்பு என்று அம்மா முடிவு செய்துவிட்டார். எங்கள் பணத்தைக் காப்பதற்காகத் தம் வாசிப்பை விட்டுக்கொடுத்திருந்தார்.

பெரியவருக்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே என்பதை அன்று உணர்ந்தோம்: இதில் அவர் தவறாக ஒன்றைத் தொட்டுவிட்டால் என்ன இழப்பு நேரும்? ‘ஒன்றும் நேராது’ என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கருவியே அவருக்கு ஏற்ற கருவி.

முதலில் ஆளைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் அவரைக் கவனியுங்கள். பொழுதை எப்படிக் கழிக்கிறார்? படிப்பவரா, பாட்டு கேட்பவரா, வெளியூரிலுள்ள பேரனின் முகம் பார்க்க ஏங்குபவரா? எங்கே அமர்கிறார்? சன்னலோர நாற்காலியிலா, கட்டிலில் சாய்ந்தவாறா? பகலிலா, தூக்கம் வராத பின்னிரவிலா?

பெரும்பாலும் புத்தகம் படிப்பவர் என்றால் மின்னூல் படிப்பான் போதும். காணொளி அழைப்பு, ஆலய நேரலை, பழைய திரைப்பாடல், வண்ணப் படங்கள் நிறைந்த வார இதழ் ஆகியவை வேண்டுமென்றால் டேப்லெட் தேவை. இரண்டும் வேண்டும் என்பவருக்கு உயர்விலை டேப்லெட் ஒன்றைக் காட்டிலும், எளிய படிப்பான் ஒன்றும் ஏற்கெனவே கையிலிருக்கும் கைப்பேசியும் நன்றாகவே உதவக்கூடும். நாங்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கவே இல்லை. எங்களுக்குப் பிடித்ததை வாங்கினோம்.

இரு கருவிகள், இரு இயல்புகள்

இரண்டும் பார்வைக்கு ஒரே பலகைபோல் தோன்றினாலும் அடிப்படையில் வேறானவை. டேப்லெட்டின் திரை தானே ஒளியை உமிழ்வது. அந்த ஒளி நேராகக் கண்ணை வந்தடைகிறது. மின்னூல் படிப்பானின் திரை ‘இ-இங்க்’ எனப்படும் மின்மையால் ஆனது. தலைமுடியின் பருமனே உள்ள எண்ணற்ற நுண்குமிழ்கள் அதில் நிறைந்துள்ளன. ஒவ்வொரு குமிழிலும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்ற வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது எந்தத் துகள் மேலே எழுகிறதோ அந்த நிறம் தெரிகிறது. தாளைப் போலவே அறையின் வெளிச்சத்தைப் பிரதிபலித்துத்தான் எழுத்து நமக்குத் தெரிகிறது. எனவே வெயிலிலும் தெளிவாகப் படிக்கலாம். பக்கம் திரும்பும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படுவதால் ஒருமுறை மின்னேற்றினால் நாள்கணக்கில், பல சமயம் வாரக்கணக்கில் வரும்.

இரவில் படிப்பவருக்கு முன்விளக்கு உள்ள படிப்பானாகப் பார்த்து வாங்க வேண்டும். ஓரத்திலுள்ள சிறு விளக்குகள் ஒளியைக் கண்ணை நோக்கி அல்லாமல் திரையின் மேற்பரப்பின் மீது பரப்புகின்றன. பழைய எளிய வகைகள் சிலவற்றில் இந்த விளக்கு இராது.

எடையை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஆறு அங்குலப் படிப்பான் 160 கிராமுக்கு அருகில் இருக்கும். பத்து அங்குல டேப்லெட் ஏறக்குறைய அரைக் கிலோ. உறையும் சேர்ந்தால் இன்னும் கூடும். மூட்டுவலி உள்ள மணிக்கட்டுக்கு இந்த வேறுபாடு பத்து நிமிடங்களில் தெரிந்துவிடும். அம்மா கட்டிலில் சாய்ந்து படிப்பவர். டேப்லெட் இரண்டு முறை கை நழுவி மார்பில் விழுந்ததையும் அன்று மாலைதான் சொன்னார்.

கண்ணும் எழுத்தும்

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து அனைவரும் அறிந்ததே. வயது ஏறஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளிக்கிறது, ஆகவே படிக்க இளமையில் தேவைப்பட்டதைவிட மிகுந்த வெளிச்சம் தேவைப்படுகிறது. கண்புரை இருந்தால் திரையின் ஒளிச்சிதறல் கூசும். கருவி வாங்கும் முன் கண் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்வது நல்லது. புதிய கண்ணாடியே சிலருக்கு அச்சுப் புத்தகத்தை மீட்டுக் கொடுத்துவிடும். அறுவைச் சிகிச்சை நெருங்கியிருந்தால் அது முடிந்து கண் தெளிந்தபின் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மின்மைத் திரை கண்ணுக்கு இதமானது என்பது பொதுவாக உண்மையே. ஆனால் எல்லாருக்கும் அல்ல. அதன் பின்னணி தூய வெண்மையன்று, சற்றே சாம்பல் நிறம். விழித்திரைக் குறைபாட்டால் நிறவேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் குறைந்தவர்களுக்கு, டேப்லெட்டின் பிரகாசமான திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிப் படிப்பதே எளிதாக இருக்கும். இதை அவரே கடையில் கையில் வாங்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

தமிழ் வாசகர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஆறு அங்குலத் திரை பெரிய எழுத்திலும் போதுமானதாகத் தோன்றும். தமிழில் அதே அளவு பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு சொற்களே நிற்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்ப வேண்டிவரும். ஆகவே கடையில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, பெரியவருக்கு வசதியான அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு நான்கு சொற்களாவது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஏழு அல்லது எட்டு அங்குலத் திரைக்குச் செல்லுங்கள். அப்படியே ‘கெ’, ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்றும் சரிபாருங்கள். பழைய கருவிகள் இங்கேதான் இடறும்.

தமிழ் நூல்கள் எங்கே கிடைக்கும்?

அமேசான் நிறுவனம் தன் ‘கிண்டில்’ படிப்பானை 2007 நவம்பரில் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்களை 2016 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று புதிய தமிழ் நூல்கள் பலவும் அச்சோடு மின்வடிவிலும் வருகின்றன.

காசு கொடுக்காமலும் நல்ல நூலகம் ஒன்றைத் திரட்டிவிடலாம். உலகெங்குமுள்ள தமிழ் ஆர்வலர்கள் 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ சங்க இலக்கியம் முதல் கல்கியின் புதினங்கள் வரை இலவசமாகத் தருகிறது. ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தில் இக்கால எழுத்தாளர்கள் மனமுவந்து அளித்த நூல்கள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் தமிழ் விக்கிமூலமும் பழைய பதிப்புகளின் களஞ்சியங்கள். இவை யாவும் சட்டப்படி இலவசமானவை. நண்பர்கள் குழுவில் சுற்றிவரும் திருட்டு நகல்கள் எழுத்தாளருக்கு இழப்பு. கோப்போடு தீய நிரல் வந்தால் நமக்கும் இழப்பு.

பதிவிறக்கும்போது கோப்பின் வகையைக் கவனிக்க வேண்டும். ‘ஈபப்’ வகைக் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து திரைக்குள் அடங்கும். ‘பிடிஎஃப்’ என்பது பக்கத்தின் நிழற்படம் போன்றது. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். பழைய நூல்களின் ஒளிவருடிய பிரதிகளையே படிக்க விரும்புபவருக்குப் பத்து அங்குல டேப்லெட்தான் பொருத்தம். அதையும் மேசைமேல் தாங்கியில் நிறுத்தி வைக்க வேண்டும். பார்வை மிகவும் குன்றியவர்களுக்கு, தமிழ் எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் வசதி ஆண்ட்ராய்டு கருவிகளில் இருக்கிறது. குரலில் சற்று இயந்திரத்தனம் இருந்தாலும் பழகிவிடும்.

தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ஒவ்வொரு கிண்டில் கருவிக்கும் தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட முகவரியிலிருந்து ‘ஈபப்’ கோப்பை அதற்கு அனுப்பினால் போதும். வைஃபை இணைப்பு இருக்கும்போது நூல் தானாகவே பெற்றோரின் அலமாரியில் போய் அமர்ந்துகொள்ளும். அவர்கள் எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை.

கைகளுக்கும் ஒரு வசதி

முதுமையில் விரல் நுனி உலர்ந்துபோவதால் தொடுதிரை சில சமயம் தொடுதலை உணர்வதில்லை. கை நடுங்கினால் ஒருமுறை தொட்டது இருமுறையாகப் பதிவாகும். சற்று நேரம் அழுத்திவிட்டால் வேறு ஏதோ பட்டியல் விரியும். ‘என்னால் முடியவில்லை’ என்று பெரியவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதற்குக் கருவிக்குள்ளேயே மாற்று உண்டு. அணுகல்வசதி என்னும் பிரிவில், தொட்டுப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தை நீட்டிக்கலாம். பல கருவிகளில் அடுத்தடுத்த தொடுதலைப் புறக்கணிக்கச் செய்யவும் முடியும். ஒரே செயலிக்குள் திரையை நிறுத்திவைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பட்டியல்களைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம்; தட்டச்சுக்குப் பதில் தமிழில் பேசித் தேடலாம். முகப்பில் நான்கு படங்களுக்கு மேல் வைக்காதீர்கள். எங்கள் வீட்டு டேப்லெட்டில் முகப்புப் பக்கம் மூன்று இருந்தது. அம்மாவுக்குத் தேவையானவை இரண்டே படங்கள்.

பணம் வேறு, வாசிப்பு வேறு

இனி எங்கள் துறைக்கு வருகிறோம். எங்கள் பரிந்துரை எளியது: பெரியவர் படிக்கும் கருவியில் பணம் தொடர்பான எதுவும் இருக்க வேண்டாம்.

வங்கிச் செயலி, யுபிஐ, சேமித்து வைத்த அட்டை விவரம் ஆகியவை வேண்டாம். டேப்லெட் வாங்கினால் சிம் இல்லாத வைஃபை வகையே போதும். ஓடிபி வரும் எண் அவருடைய சாதாரணக் கைப்பேசியில் தனியே இருக்கட்டும். கருவிக்கென்று புதிய மின்னஞ்சல் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். வங்கியில் பதிவு செய்த மின்னஞ்சலை அதில் இணைக்காதீர்கள். செயலி வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள். கிண்டிலில் பெற்றோர் கட்டுப்பாடு என்னும் பகுதியில் புத்தகக் கடையையே பூட்டி வைக்கலாம். நூல்களை நீங்கள் வாங்கி அனுப்பலாம்.

நூல் வாங்கப் பயன்படுத்தும் உங்கள் அட்டையையும் கவனியுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இணையப் பரிவர்த்தனையை நிறுத்தவும் தொடங்கவும் உச்சவரம்பு வைக்கவும் 2020 அக்டோபர் முதல் அட்டைதாரருக்கு வசதி உண்டு. ‘முதல் மாதம் இலவசம்’ என்னும் சந்தா அடுத்த மாதம் தானே பணம் எடுக்கத் தொடங்கும். அப்படித் தொடர்ந்து எடுக்கப்படும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

காணொளி அழைப்புக்காக டேப்லெட் வாங்குவோர் ஒன்றைப் பெரியவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காவல்துறை என்றோ சுங்கத்துறை என்றோ சீருடையில் தோன்றி, ‘உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதீர்கள்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் உலவுகின்றன. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையவே கிடையாது. அழைப்பைத் துண்டிப்பதால் எந்தக் குற்றமும் ஆகாது. தெரிந்தவர்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துவிடுவது இன்னும் நல்லது. ‘உதவி செய்கிறோம், திரையைப் பகிருங்கள்’ என்று கேட்பவர் யாராயினும் மறுத்துவிட வேண்டும்.

அவ்வளவு கவனத்துக்குப் பிறகும் பணம் போய்விட்டால், நேரம்தான் முக்கியம். உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இன்றி, மூன்றாம் தரப்பால் நேர்ந்த மோசடியை மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை கூறுகிறது. ஓடிபியைத் தாமே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதாகிவிடும். பெரியவர்கள் அவமானத்தால் நாள்கணக்கில் சொல்லாமல் இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். வீட்டில் திட்டுவார்கள் என்ற பயமே இழப்பைப் பெருக்குகிறது. ‘எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம்’ என்பதை நிம்மதியான ஒரு நாளில் சொல்லி வையுங்கள்.

மற்றொன்றும் உண்டு. பாதுகாப்பு என்ற பெயரில் பெற்றோரின் பின் எண்ணையும் அட்டையையும் பிள்ளைகள் வாங்கி வைத்துக்கொள்வது முறையன்று. அவர்கள் பணம் அவர்களுடையது. நடமாட முடியாதவர் என்றால், 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீடு தேடிச் சேவை அளிக்கும்படி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் கேளுங்கள்.

விலையும் வரவும்

படிப்பானும் டேப்லெட்டும் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, டேப்லெட் லட்சத்தையும் தாண்டுகிறது. விலை ஏறும்போது கூடுவது பெரும்பாலும் வேகமும் கேமராவும் சேமிப்பிடமும்தான். நாவல் படிப்பதற்கு இவை தேவையில்லை. உறை, தாங்கி, வைஃபை, நூல்கள் ஆகியவற்றுக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பாதுகாப்பு மேம்படுத்தல்கள் எத்தனை ஆண்டுகள் வரும் என்று கடையில் கேளுங்கள். அது நின்றுபோன டேப்லெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

‘வட்டியில்லாத் தவணை’ என்று கண்டால், செயல்முறைக் கட்டணமும் வரியும் எவ்வளவு, முழுத்தொகையைச் செலுத்தினால் தள்ளுபடி உண்டா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பரிசு கொடுப்பதற்காக வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறிக்க வேண்டாம். வீட்டில் பழைய டேப்லெட் இருந்தால், உங்கள் கணக்குகளை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, முதல் மாதம் அதில் பழகவிடலாம். அவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்பது செலவில்லாமலே தெரிந்துவிடும்.

முதல் வாரம்

கருவியை வாங்கிக் கொடுத்த நாளன்று எல்லாவற்றையும் கற்பித்துவிட முயல்வது நாம் அனைவரும் செய்யும் பிழை. நாளுக்கு ஒன்று போதும். முதல் நாள் திறந்து மூடுவது. இரண்டாம் நாள் பக்கம் திருப்புவது. மூன்றாம் நாள் எழுத்தைப் பெரிதாக்குவது. அவர் தயங்கும்போது கருவியைப் பிடுங்கி நீங்கள் செய்து காட்டாதீர்கள். விரல் அவருடையதாக இருக்க வேண்டும். சொல் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். படிகளை அவர் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மின்னேற்றியை அவர் அமருமிடத்துக்கு அருகிலேயே, குனியாமல் எட்டும் உயரத்தில் பொருத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறாகத் தொடச் சொல்லிப் பழக்குங்கள். நாங்கள் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம். டேப்லெட்டை எங்கள் பயனுக்கு எடுத்துக்கொண்டு, முன்விளக்குள்ள ஏழு அங்குலப் படிப்பான் ஒன்றை வாங்கினோம். நாற்பது நூல்களை ஏற்றினோம். கடையைப் பூட்டினோம். பிறகு அம்மாவிடம் கொடுத்து, “எங்கே வேண்டுமானாலும் தொடுங்கள், எதுவும் கெடாது, யார் பணமும் போகாது” என்றோம். நம்பவில்லை. எங்கள் முன்னிலையிலேயே பத்து நிமிடம் கண்டபடி தொட வைத்தோம். எழுத்து பெரிதாயிற்று, சிறிதாயிற்று, வேறு பக்கம் வந்தது, பட்டியல் விரிந்தது, மறைந்தது. “இவ்வளவுதானா?” என்று கேட்டார்.

இப்போது ‘பொன்னியின் செல்வ’னை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார். ஐந்து பாகங்களும் ஒரு கையில் அடங்கியிருப்பதை வருவோரிடமெல்லாம் காட்டுகிறார். பூ வேலைத் துணி மீண்டும் தொலைக்காட்சியின் மேல் ஏறிவிட்டது.

சென்ற மாதம் அலுவலக நேரத்தில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கமாக அந்நேரம் அழைக்க மாட்டார், பதறிப்போய் எடுத்தோம்.

“ஒன்றுமில்லை. ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டேன். வேறு புத்தகம் திறந்துகொண்டது” என்றார்.

“பழைய புத்தகத்துக்குத் திரும்பும் வழியைச் சொல்லவா அம்மா?”

“வேண்டாம். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் வரும்போது பால் வாங்கி வாருங்கள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்று வைத்துவிட்டார்.